கேட்டில் இறக்கிய பாடை

சித்தப்பாவைப் புதைத்துவிட்டு, குளித்த ஈரம் காயாமல் சூளகிரியைப் பார்த்து நெடுஞ்சாலை ஓரமாக நடந்துகொண்டிருந்தேன். இருந்துவிட்டுப் போ என்று சித்தி சொன்னாள். எனக்கு ஓரிடத்தில் உட்கார வரவில்லை. வேலையும் சற்று முன்புதான் போயிருந்தது.

எங்கள் காலனியிலிருந்து சுடுகாட்டுக்குப் போகும் பாதையைச் சேர்த்து வளைத்துக் கம்பெனி சுவர் எழுப்பிவிட்டது. மனு கொடுத்து அலைந்தோம். சுற்றிப் போங்கள் என்றார்கள். சுற்றுவழி ஊர்க்காரர்களின் நிலத்துக்குள் போகிறது. எங்கள் பிணத்தை அவர்கள் விடமாட்டார்கள்.

பாதி வழியில் பாடையை இறக்கி, தலைமாடு கால்மாடு மாற்றித் தூக்குவது எங்கள் வழக்கம். இறக்குகிற இடத்தில்தான் இப்போது கம்பெனி கேட் நிற்கிறது. அங்கேயே இறக்கினோம். உள்ளே லாரிகள் வரிசையாக நின்றுவிட்டன. அந்த லாரிகளுக்கு லோடு ஏற்றும் காண்ட்ராக்ட் ஆள் நான். அன்று வேலைக்குப் போகாமல் பாடைக்குத் தோள் கொடுத்திருந்தேன்.

காவலாளி சித்தியிடம் கெஞ்சினார். "யம்மா, ஷிஃப்ட் பஸ் வர்ற நேரம். கொஞ்சம் ஓரமா நகத்துங்க."

"அவருக்கும் ஷிஃப்ட் முடிஞ்சிருச்சுப்பா. வழி வுட்டா போயிடுவாரு."

அழுதுகொண்டிருந்தவர்களே சிரித்துவிட்டார்கள். மேனேஜர் வந்து, ஆம்புலன்ஸ் தருகிறோம், வேறு சுடுகாட்டுக்குக் கொண்டுபோங்கள் என்றார்.

"தூக்குன பொணத்தத் திருப்பற பழக்கம் எங்களுக்கு இல்லீங்க," என்றாள் சித்தி.

பறை நிற்கவில்லை. போலீஸ் வந்து பேசி, வெயில் சாய்ந்த பிறகு திறந்தார்கள். முன்கேட்டில் நுழைந்து பின்கேட்டில் வெளியேறினோம். நடுவில் சூப்பர்வைசர் என்னைப் பார்த்துவிட்டார்.

"நீயாடா? கேட் பாஸக் குடு."

ஒரு கையால் பாடையைப் பிடித்தபடி, மறுகையால் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன்.

"இன்னைக்கு மட்டும்தான்," என்றார் மேனேஜர்.

"அடுத்த சாவுக்கும் இங்கதான் இறக்குவோம், சார்," என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள்.

மறுநாள் காலை சூளகிரியில் கூலியாட்களோடு நின்றேன். ஒரு மேஸ்திரி வண்டியில் ஏற்றிக்கொண்டார். புதிதாக வரும் கம்பெனி ஒன்றின் இடத்துக்கு வேலி போட, கல்லுக்கால் நடும் வேலை. கடப்பாரையைக் கையில் வாங்கியதும் கேட்டேன்.

"மேஸ்திரி, இதுல சுடுகாட்டு வழி ஏதாச்சும் போவுதுங்களா?"

"கூலிக்கு வந்தவனுக்கு அது எதுக்குடா?"

ஆடு ஓட்டிக்கொண்டு போனவரிடம் கேட்டேன். "இல்லப்பா, சுடுகாடு ஏரிக்கு அந்தாண்ட," என்று கை காட்டினார். அதன் பிறகுதான் முதல் குழியைத் தோண்டினேன்.