உபவாச ஞாயிற்றின் தாகம்

முதலில் வந்தது தாகம். டெக்சாஸ் வெயிலில் சைக்கிள் மிதிப்பவனுக்குத் தாகம் எடுக்காமல் என்ன செய்யும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். எவ்வளவு குடித்தாலும் அடங்கவில்லை. குடித்ததெல்லாம் சிறுநீராகப் போனது. சட்டைக் காலர் தொளதொளத்தது. ஊழியத்தில் உடம்பு கரைவது நல்லதுதான் என்றுகூட நினைத்தேன். இருபது வயதில் அப்படித்தான் புத்தி போகும். இதே அறிகுறிகளோடு யாராவது இதைப் படித்தால், தயவுசெய்து முதலில் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். மீதியைப் பிறகு படிக்கலாம்.

எங்கள் குடும்பம் அம்பத்தூரில் இருக்கிறது. நாங்கள் மோர்மோன் சபையைச் சேர்ந்தவர்கள் (அமெரிக்காவில் தோன்றிய கிறிஸ்தவ சபை). எங்கள் பையன்கள் இரண்டு வருடம் முழுநேர ஊழியத்துக்குப் போவது வழக்கம். எனக்கு டெக்சாஸில் இருக்கும் ஃபிரிஸ்கோ என்று உத்தரவு வந்தது. கல்லூரியைப் பாதியில் நிறுத்திவிட்டுக் கிளம்பினேன். அமெரிக்காக்காரனுக்கே வேதம் சொல்லிக்கொடுக்கப் போகிறாயா என்று சித்தப்பா கிண்டல் செய்தார். அங்கே குடும்பப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். நமக்கு ஏது குடும்பப் பெயர்? அப்பாவின் பெயர் என் பேட்ஜில் ஏறியது. நான் ‘எல்டர் தேவராஜ்’ ஆனேன் (எல்டர் என்பது ஊழியம் செய்யும் பையன்களுக்கான மரியாதைச் சொல்).

ஊழியக்காரர்கள் இரண்டு இரண்டு பேராகத்தான் இருக்க வேண்டும். குளியலறை தவிர எங்கும் தனியாகப் போகக் கூடாது. என் ஜோடி எல்டர் வெல்ஸ், ஐடஹோவில் உருளைக்கிழங்கு பயிரிடுபவரின் மகன். நல்லவன், ஆனால் வாயைத் திறக்க மாட்டான். நாளெல்லாம் ஒருவன் பக்கத்திலேயே இருக்கிறான், பேச ஆளில்லை. திங்கட்கிழமை வீடியோ காலில் அம்மாவிடம் இதை எப்படிச் சொல்வது? நன்றாக இருக்கிறேன் என்று மட்டும் சொல்வேன்.

சந்தோஷமும் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். அங்குள்ள புது வீடுகளில் கதவைத் திறப்பவர்களில் நம்மவர்கள் ஏராளம். டையும் பேட்ஜுமாக நின்று தமிழில் வணக்கம் சொன்னால் அவர்கள் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும். மதுரைக்காரரான மீனா ஆண்ட்டி, மதம் பற்றி மட்டும் பேசாதீர்கள் என்று சொல்லிவிட்டுத் தோசை போட்டார். வெல்ஸ் கணக்கில்லாமல் தின்றான். நான் வீட்டு மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டு மாதங்கள் ஆகியிருந்தன.

மாதத்தின் முதல் ஞாயிறு எங்களுக்கு உபவாசம். இரண்டு வேளைச் சாப்பாடு கிடையாது, தண்ணீரும் கிடையாது. நோயாளிகளுக்கு விலக்கு உண்டு. நான் நோயாளி என்று எனக்கே தெரியாதே. ஆகஸ்டில் அந்த ஞாயிறு வந்தபோது என் நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. வெல்ஸ் மூக்கைச் சுளித்து, பபிள்கம் மெல்கிறாயா என்று கேட்டான். என் மூச்சில் கனிந்த பழத்தின் வாடை அடித்ததாம். உபவாசத்தில் ஏமாற்றுகிறவன் என்று நினைக்கிறானே என்று எனக்கு அழுகையே வந்தது. அந்த ரோஷத்தில் இன்னும் பிடிவாதமானேன்.

மதியம் மீனா ஆண்ட்டியின் வீட்டு வழியாகப் போனோம். வாசலில் நின்றிருந்த அவர் என்னைப் பார்த்ததும் உள்ளே போய்த் தண்ணீரோடு வந்தார்.

“மூஞ்சியே சரியில்லையே தம்பி. முதல்ல இதைக் குடிங்க.”

“இன்னைக்கு ஃபாஸ்டிங், ஆண்ட்டி.”

“நானும்தான் சஷ்டிக்கு ஃபாஸ்டிங் இருக்கேன். தண்ணி குடிச்சதுக்கு முருகன் ஒருநாளும் கோச்சுக்கல.”

வேண்டாம் என்று தலையாட்டியது நினைவிருக்கிறது. அப்புறம் ஆம்புலன்ஸ்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் கண் விழித்தேன். டைப் 1 நீரிழிவு (கணையம் இன்சுலின் சுரப்பதை நிறுத்திவிடும் நோய்) என்றார் டாக்டரம்மா. அது முற்றிக் கீட்டோஅசிடோசிஸ் ஆகியிருந்தது (இன்சுலின் இல்லாததால் உடம்பு கொழுப்பை எரித்து, ரத்தம் அமிலமாவது). பழ வாடை அதனால்தான். உபவாசத்தால் வந்ததா என்று கேட்டேன். நோய் முன்பே இருந்தது, தண்ணீரை நிறுத்தியது உன்னைச் சீக்கிரம் கவிழ்த்துவிட்டது என்றார்.

எனக்கு ஒரே கேள்விதான் இருந்தது. மீதி ஊழியத்தை முடிக்க விடுவார்களா?

வெல்ஸ் நடைவழி நாற்காலியிலேயே கிடந்தான். உள்ளே விட்டதும், “நீ பொய் சொல்கிறாய் என்று நினைத்தேன்” என்று சொல்லி அழுதான். அன்றுதான் நாங்கள் பேசினோம். அவனுடைய அம்மா, என்னுடைய அம்மா, ஊரில் விட்டுவந்த நாய் என்று ஏதேதோ பேசினோம். ஊழியத் தலைவர் வந்தபோது, ஊசி போடக் கற்றுக்கொள்கிறேன், சர்க்கரை இறங்கினால் பார்த்துக்கொள்கிறேன், இவனை அனுப்பாதீர்கள் என்று எனக்காக மன்றாடினான். தலைவர் அவன் தோளைத் தட்டிக்கொடுத்தார். வீட்டுக்குப் போய் உடம்பைத் தேற்றிக்கொண்டு மறுபடி விண்ணப்பிக்கலாம் என்றார். அன்பாகத்தான் சொன்னார். அதனால் சண்டை போடவும் முடியவில்லை.

விமான நிலையத்தில் பாதுகாப்புச் சோதனை வரைதான் வெல்ஸ் வரலாம். அதைத் தாண்டியதும் பழக்க தோஷத்தில் திரும்பி அவனைத் தேடினேன். பக்கத்தில் யாரும் இல்லை.

ஊரில் சபையார் என்னை ஊழியத்திலிருந்து விடுவித்துப் பேட்ஜைக் கழற்றச் சொன்னார்கள். உயிரோடு வந்தானே என்று அம்மாவுக்கு நிம்மதி. பாதியிலேயே வந்துட்டியா என்று பலர் கேட்டார்கள். மறுபடி விண்ணப்பித்திருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.

முன்பெல்லாம் உடம்பு இருப்பதையே மறந்து நாள் முழுக்கத் திரிவேன். இப்போது ஒரு வாழைப்பழத்துக்கும் அதனிடம் அனுமதி கேட்க வேண்டியிருக்கிறது. நாள் முழுவதும் வேலை செய்யும் இன்சுலினைத் தினமும் ஒரே நேரத்தில் போட வேண்டும். டெக்சாஸில் அதைக் காலை ஆறரைக்குப் போட்டேன், ஊழியக்காரர்கள் எழும் நேரம். இங்கே அது மாலை ஐந்து. கொஞ்சம் கொஞ்சமாகக் காலைக்கு மாற்றிக்கொள்ளலாமே என்று இங்குள்ள டாக்டர் ஒவ்வொரு முறையும் சொல்கிறார். சரி என்று தலையாட்டிவிட்டு வருகிறேன், மாற்றவில்லை.

தெருவில் பிள்ளைகள் பள்ளி விட்டு வரும் நேரத்தில் கதவைச் சாத்திக்கொண்டு வயிற்றில் ஊசியைச் செருகுகிறேன். ஃபிரிஸ்கோவில் வெல்ஸ் புது ஜோடியோடு எழுந்து ஜெபத்துக்கு முழங்காலிட்டிருப்பான். அந்த ஒரு நிமிடம் எனக்கும் அங்கேதான் விடிகிறது.