இரண்டு விரற்கடை நீர்

இதைப் புனைவு என்பவர்கள் இரத்தோட்டைக்கு வந்து டயனாவையே கேட்கலாம். சென்ற ஆண்டு ஐப்பசியில், ஒரு சனிக்கிழமை, பட்டப்பகலில் நடந்தது இது. இருட்டின் மேல் பழிபோட வழியில்லை.

அவள் கணவன் கிறிஷாந்துக்குச் சிறுநீரகங்கள் இரண்டும் செயலிழந்து ஈராண்டு. வாரம் இருமுறை கண்டியில் இயந்திரம் அவன் குருதியைத் தூய்மை செய்து அனுப்பும். உடலில் சேரும் நீர் தானாக வெளியேறாது. மிகுந்தால் நுரையீரலில் ஏறி மூச்சை அடைத்துவிடும். ஆகவே நாளொன்றுக்கு அரை லீட்டர். அதைப் போத்தலில் அளந்து கொடுப்பவள் டயனா. அவன் கெஞ்சும்போதெல்லாம் மறுப்பவளும் அவளே. நீரை மறுப்பதே அன்பு என்றாகிவிட்ட அந்த வீட்டில், மறுத்து மறுத்து அவள் ஓய்ந்துபோயிருந்தாள்.

குடிக்கத்தான் கொடுக்க முடியாது, பார்க்கவாவது கொடுக்கலாமே என்று நினைத்தாள். அந்த நினைப்பில்தான், மாத்தளையில் முஸம்மிலின் பழைய சாமான் கடையிலிருந்து ஒன்றரை அடிக் கண்ணாடித் தொட்டி ஒன்று வீட்டுக்கு வந்தது. மறுநாள் பூசை முடிந்து வரும்போது கப்பி மீன்கள் வாங்குவதாக எண்ணம்.

காலை முழுவதும் கழுவினாள். சவர்க்காரம் மீனுக்கு நஞ்சு. எனவே உப்பும் வினாகிரியும். கண்ணாடியில் படிந்திருந்த வெண்கறையை வினாகிரித் துணியால் ஊறவைத்து, பழைய பஸ் சீசன் அட்டையால் சுரண்டினாள். மூலைகளில் பூசியிருந்த பசையை விரலால் அழுத்திப் பார்த்தாள். தொட்டியின் அடியில் பரப்பும் கல்லை ஏழு தண்ணீர் அலசினாள். இடுப்பு கழன்றுவிடும் போலிருந்தது.

"மீனுக்கு நடக்கிற உபசாரம் எனக்கு நடக்குதில்லையே" என்றான் கிறிஷாந்த், கட்டிலில் சாய்ந்தபடி.

"நீங்க கப்பியாப் பொறந்திருக்கணுங்க."

"பொறந்திருந்தா நாள் பூரா தண்ணிக்குள்ள கெடப்பேன்."



பகல் 1.40. அவன் கட்டிலருகே மேசையில் செய்தித்தாள் விரித்து, அதன்மேல் தொட்டியை வைத்து, மலையிலிருந்து வரும் பீலித் தண்ணீரை நிரப்பினாள். ஒழுகுகிறதா என்று ஒரு நாள் பார்க்க வேண்டும். நீர்மட்டத்தில் மார்க்கரால் கோடு ஒன்று இட்டாள்.

2.35. குசினியில் சமைத்துக்கொண்டிருந்தபோது அறையிலிருந்து ஓர் ஓசை.

டிண்...

எவர்சில்வர் கிளாஸ் கண்ணாடியில் பட்டாற்போல. எட்டிப் பார்த்தாள். கிறிஷாந்த் கண்மூடிக் கிடந்தான். நீர் கோட்டுக்குக் கீழே அரை விரற்கடை இறங்கியிருந்தது. செய்தித்தாளைத் தொட்டுப் பார்த்தாள். காய்ந்திருந்தது.

3.20. டிண்... டிண்...

ரிவர்ஸ்டன் மலைப் பக்கத்து மூடுபனி சன்னல்வரை வந்திருந்தது. நீர் ஒரு விரற்கடை குறைந்திருந்தது. மேசை, தரை, சுவர் எங்கும் தடவினாள். ஈரமே இல்லை.

"ஏங்க... இந்தத் தண்ணிய குடிச்சீங்களா? மாதா மேல சத்தியமாச் சொல்லுங்க."

"உன் கை இல்லாம என்னால எந்திரிக்க ஏலுமா?" என்றவன் புன்னகைத்தான். "இன்னிக்குத் தாகமே இல்ல, டயனா."

ஈராண்டில் அவன் அப்படிச் சொன்னதில்லை. அவளுக்குக் கண் நிறைந்தது. நாற்காலியில் அமர்ந்தாள். களைப்பில், செபமாலையின் இரண்டாம் மணியிலேயே உறங்கிப்போனாள்.

5.10. விழித்தாள்.

அறையில் 'கொர்... கொர்...' என்ற ஓசை. அவன் மூச்சு.

நீர், இரண்டு விரற்கடை கீழே.

எந்நாளும் வெடித்துக் கிடக்கும் அவன் உதடுகள்... நனைந்து மின்னின.

தாங்கிப் பிடித்துத் தராசில் ஏற்றினாள். காலையில் 52.4 கிலோ.

இப்போது 56.1.

1990க்கு அழைத்து அம்புலன்ஸ் கேட்டாள். வண்டி வருமுன் தொட்டியைப் புரட்டி முற்றத்தில் கவிழ்த்தாள்.

கவிழ்ந்த தொட்டிக்குள்ளிருந்து...

டிண்.

அன்று இரவே கண்டியில் இயந்திரம் அவனைக் காப்பாற்றியது. "தண்ணீரைக் கண்டபடி கொடுத்திருக்கிறீர்களே" என்று மருத்துவர் கடிந்தார். "நான் ஒரு சொட்டும் குடுக்கல்லீங்க" என்றாள் அவள். ஞாயிறு காலை கிறிஷாந்த் அவள் கையைப் பற்றினான்.

"மருத்துவர்ட்ட ஏன் பொய் சொல்ற? நீதானே தலையத் தூக்கிப் பிடிச்சு ஊட்டுன. மகன், மகன்னு கூப்பிட்ட. அதான் எனக்குச் சிரிப்பு வந்திச்சி."

டயனா வெளியே வந்து முஸம்மிலுக்குத் தொலைபேசி எடுத்தாள். தொட்டி யார் வீட்டில் இருந்தது என்று கேட்டாள்.

"தங்கச்சி, அது உக்குவளைப் பக்கம் ஒரு வீட்டுல எடுத்தது. அங்க மகனுக்குக் கிட்னி. டொக்டர் சொன்னாருன்னு மருமக குசினியப் பூட்டி வச்சிருந்திச்சி. மகன் அழுறதப் பொறுக்க ஏலாம, தாய் மீன் தொட்டியில கிளாஸ்ஸால அள்ளி அள்ளிக் குடுத்திருக்கு. அன்டைக்கே மூச்சடைச்சி மகன் மௌத்து. தாயும் நாப்பது நாள் தாண்டல்ல. மன்னிச்சிக்கோங்க, உங்க வூட்டுல நோயாளி இருக்கிறது எனக்குத் தெரியா."

திங்கட்கிழமை அவரே வந்து, அவள் கண்முன் தொட்டியைச் சுத்தியலால் உடைத்து, சில்லுகளைச் சாக்கில் அள்ளிப் போனார். செவ்வாய்க்கிழமை கிறிஷாந்த் வீடு வந்தான். இரவு நிறுத்தபோது 52.6. டயனா அவன் கட்டிலோடு தன் பாயை ஒட்டிப் போட்டு, அவன் மணிக்கட்டைப் பிடித்தபடி படுத்தாள்.

புதன்கிழமை, காலை 5.30. அளவுப் போத்தல் மூடி திறக்கப்படாமல் இருந்தது. அவனைத் தராசில் ஏற்றினாள்.

54.3.

அவனை நிமிர்ந்து பார்க்க அவளுக்குத் துணிவில்லை. எண்ணைப் பார்த்தபடியே கேட்டாள்.

"தாகமா இருக்குதுங்களா?"

"இல்ல" என்றான் அவன், ஈர உதடுகளால்.