வெறும் அறையின் சத்தம்

அன்று காலையிலிருந்தே வீடியோக்காரருக்கு எதுவும் கைகூடவில்லை. அட்டைப்பெட்டித் தொழிற்சாலைக்குப் புதிதாக ஆள் சேர்க்க ஒரு படம். அங்கே வேலை செய்பவர்களே கேமரா முன் உட்கார்ந்து தங்கள் வேலையைப் பற்றிச் சந்தோஷமாகப் பேச வேண்டும். வந்தவர்களோ பேயறைந்த மாதிரி உட்கார்ந்தார்கள். பல்லைக் காட்டச் சொன்னால் பல் டாக்டரிடம் காட்டுவது போலக் காட்டினார்கள்.

"படம் நல்லா வந்துச்சுன்னா உங்க பையனை எடுத்துக்கலாம் சார்" என்று ஆள் எடுக்கும் மேனேஜரம்மா சொல்லியிருந்தார். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் மனுஷன் தலைகீழாக நின்றுகொண்டிருந்தார். படித்து முடித்த பிள்ளை வேலை கிடைக்காமல் வீட்டோடு கிடந்தான். முதலில் சிநேகிதர்களைப் பார்ப்பதை விட்டான். பிறகு பேச்சை விட்டான். இப்போது தன் அறையை விட்டே வருவதில்லை. சாப்பாட்டுத் தட்டைக் கதவுக்கு வெளியே வைத்துவிட்டு வருகிறாள் பெற்றவள். இதுவும் போனால் பிள்ளையே கையை விட்டுப் போய்விடுவான்.

கடைசியாக வந்தார் வெட்டு மெஷின்காரர்.

"இங்க உங்களுக்கு என்ன பிடிக்கும்?"

"எல்லாமே."

"என் கேள்வி படத்துல வராதுங்க. 'எனக்கு இங்க பிடிச்சது'ன்னு ஆரம்பிச்சுச் சொல்லுங்க."

"எனக்கு இங்க பிடிச்சது எல்லாமே."

வீடியோக்காரர் சிரித்துவிட்டார். அதைப் பார்த்து அந்த மனிதரும் சிரித்தார். அப்புறம்தான் பேச்சு வந்தது. "எனக்கு இங்க பிடிச்சது ஆளுங்கதான் சார். வீட்டுல சிரிச்சதைவிட இங்க சிரிச்சதுதான் அதிகம்." முகமெல்லாம் சிரிப்பு. இது போதும், பிள்ளை பிழைத்தான் என்று வீடியோக்காரருக்கு நெஞ்சு நிறைந்தது. ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்த மேனேஜரம்மாவும் திருப்தியாக வெளியே போனார்.

பேட்டி முடிந்ததும் இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. கொஞ்ச நேரம் யாரும் பேசாமல் இருந்து வெறும் அறையின் சத்தத்தைப் பதிவு செய்ய வேண்டும். பேச்சை வெட்டி ஒட்டிய இடம் காதுக்குத் தெரியாமல் இருக்க, அடியில் போடுவதற்கு அது. "அப்படியே உக்காந்திருங்க, பேச வேணாம்" என்றார்.

சும்மா உட்காரச் சொன்னால் கையை என்ன செய்வது என்று யாருக்குத்தான் தெரியும்? மடியில் கிடந்த வலது கையைத் தூக்கி மேஜைமேல் வைத்தார் மெஷின்காரர். அதில் மூன்று விரல்கள் இல்லை. பதிவு ஓடிக்கொண்டிருந்தது; வீடியோக்காரர் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பதிவு முடிந்ததும் கேட்டார்: "எப்படிங்க ஆச்சு?"

"வெட்டு மெஷினுக்கு, கை உள்ள போகாம ஒரு தடுப்பு உண்டு சார். அது இருந்தா வேலை மெதுவாகும்னு கழட்டிட்டாங்க. புதுசா வர்றவங்களைத்தான் முதல்ல அதுல நிறுத்துவாங்க. நானும் அப்படித்தான் மாட்டினேன்."

"இதைச் சொல்லவே இல்லையே நீங்க!"

"நீங்க கேக்கலையே. என்ன பிடிக்கும்னுதானே கேட்டீங்க?"

மறுநாள் வீட்டில் படத்தைத் தொகுத்துக்கொண்டிருந்தபோது பின்னால் யாரோ நிற்பது தெரிந்தது. பிள்ளை.

"யாருப்பா அவரு? எவ்வளவு நல்லா சிரிக்கிறாரு! திரும்பப் போடுங்க."

போட்டார். இரண்டாம் முறையும் பார்த்துவிட்டு, "இங்கதானே என்னை எடுத்துக்கறேன்னாங்க? நான் போறேம்பா" என்றான். சமையலறையிலிருந்து ஓடிவந்த மனைவி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"வேணாம்டா. வேற பாக்கலாம்" என்றார் வீடியோக்காரர்.

பிள்ளையின் முகம் சட்டென்று இருண்டது. "ஏன், அவரு பொய் சொல்றாரா?"

மனைவி அவரைப் பார்த்த பார்வையில் கெஞ்சலும் இருந்தது, கொலைவெறியும் இருந்தது. உண்மையைச் சொன்னால் இவன் திரும்ப அந்த அறைக்குள் போய்விடுவான். அப்புறம் யார் கூப்பிட்டாலும் வரமாட்டான்.

"பொய் இல்லடா. எந்த மெஷின்ல போடறாங்கன்னு மட்டும் முதல்லயே கேட்டுக்கோ."

"வர்ற அன்னிக்கே அதெல்லாம் கேட்டா வச்சுக்குவாங்களாப்பா? குடுக்கிற வேலையைச் செய்யறேன்."

அவன் அம்மாவைப் பார்த்துச் சிரித்தான். அவர் திரும்பி உட்கார்ந்து படத்தை மேனேஜரம்மாவுக்கு அனுப்பினார்.