மூத்த பெட்டிக்குக் கடைசி இடம்

பத்தாவதை நான் விட்டேனா, அது என்னை விட்டதா என்பது இன்னும் முடிவாகவில்லை. கோவிந்தாபுரத்தில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். அன்று காலை, முதலமடையில் மாங்காய்ப் பெட்டிகளுக்கு லேபிள் அடிக்கும் அச்சகத்து அக்கா போன் செய்தார்.

"ஏந்தம்பி, ரெண்டு டிஸ்க்கும் காணாமப் போச்சு. ஓடியா."

"போலீஸ்ல சொல்லிட்டீங்களாக்கா?"

அக்கா சிரிக்கவில்லை. உடனே வண்டியை எடுத்தேன்.

அங்கே இருந்தது என்னைவிட வயதான கம்ப்யூட்டர். லேபிளுக்கு அச்சுப் பிளேட் எடுக்கும் மெஷினை ஓட்ட அதற்கு மட்டும்தான் தெரியும். தடித்த கேபிளில் அதோடு ஒரு டிஸ்க் பெட்டி, அந்தப் பெட்டியோடு இன்னொன்று என்று கோத்திருந்தார்கள். வியாபாரிகளின் லேபிள் படங்கள் எல்லாம் அதில் பழைய பெட்டிக்குள். வேறு காப்பி கிடையாது.

வாசலில் ஒரு வியாபாரி உலாத்திக்கொண்டிருந்தார். "மத்தியானத்துக்குள்ள லேபிள் வரலீன்னா பொள்ளாச்சிக்குப் போயிருவனுங்க. அப்புறம் சீசன் முழுக்க அங்கதான்."

அக்கா மறுபடி சுவிட்சைப் போட்டார். பழைய பெட்டி டக், டக் என்றது.

"கைய எடுங்கக்கா! இப்படியே போட்டுப்போட்டு அணைச்சா உள்ள இருக்கறதும் போயிரும்."

பெட்டிகளின் மேல் சந்தனமும் குங்குமமும் காயாமல் இருந்தன.

"பூசை போட்டீங்களா?"

"சீசன் தொடங்கறப்பப் போடாம? எல்லாத்தையும் கழட்டித் தொடச்சு, விளக்கு முன்னால வெச்சுத்தான் மறுபடி மாட்டுனேன்."

"பழைய வரிசையிலயா?"

"மூத்தத முன்னால வெச்சேன். அதுதான மொறை? இத்தன நாளும் கடைசில கெடந்துச்சு, பாவம்."

இந்தக் கோர்வையில் கடைசிப் பெட்டி வழியை அடைத்து நிற்க வேண்டும். இல்லாவிட்டால் போன சிக்னல் சுவரில் அடித்த பந்து மாதிரி திரும்பி வந்து, பின்னால் வருவதோடு மோதும். அப்படி அடைக்கிற சுவிட்ச் பழைய பெட்டியின் முதுகில்தான் இருந்தது, மற்றதில் இல்லை. இப்போது பழையது நடுவில் நின்று மறித்தது. கடைசி முனை திறந்து கிடந்தது.

"மூத்தவரக் கடைசிக்கே அனுப்போணுங்கக்கா."

"பூசை போட்டதையா?"

"ரயில்ல கொடி காட்டற கார்டு கடைசிப் பெட்டிலதான இருக்காரு? அவருக்கென்ன மரியாத கொறஞ்சா போச்சு?"

அக்கா என்னை முறைத்தார். பிறகு வாசலைப் பார்த்தார். "செரி, மாத்து."

கரண்டை அணைத்துவிட்டுக் கேபிளை உருவினேன். அதன் முனையில் ஊசி மாதிரி இருந்த பின்களில் ஒன்று வளைந்திருந்தது. போன் ரிப்பேர் இடுக்கியால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிமிர்த்தினேன். உடைந்தால் மாற்றுக் கேபிளுக்கு எங்கே போவது? வாசலில் வியாபாரி போனில் பேசிக்கொண்டிருந்தார்: "ஏனுங்க, பொள்ளாச்சி அச்சகமுங்களா..."

பழைய பெட்டியைக் கடைசியில் கோத்துவிட்டுச் சுவிட்சைப் போட்டேன். பழைய பெட்டி டக் என்றது. அவ்வளவுதான். அக்கா கண்ணை மூடிக்கொண்டார். திரையில் ஒரு டிஸ்க் வந்தது. மற்றதைக் காணோம். பெட்டிக்குள் ஏதோ சுழலும் சத்தம். பிறகு இரண்டாவதும் வந்தது.

வியாபாரியின் மாங்காய் லேபிளைத் திறந்தேன். "மாமோவ், உங்க மாங்காய்க்கு மீசை வெக்கட்டுமா?"

வியாபாரி ஓடி வந்து திரையைப் பார்த்தார். "இல்லீங்க, வேண்டாமுங்க, இங்கயே ஆயிருச்சு" என்று போனை வைத்தார்.

அக்கா கண்ணைத் திறக்கவே இல்லை. "மீசை அப்புறம் வெக்கலாம். மொதல்ல எல்லாப் படத்துக்கும் ஒரு காப்பி எடு."