தெரியாது என்று சொன்ன வாய்

போன ஆவணியில், இணுவில் பக்கத்துக் கலியாண மண்டபம் ஒன்றில் நடந்தது இது. என் கணவரின் சொந்தத்தில் கலியாணம். தாலி கட்டி முடிந்து, சனம் சாப்பாட்டுக்கு முண்டியடிக்கத் தொடங்கியிருந்த நேரம்.

நான் அரசாங்க ஆஸ்பத்திரி ஒன்றின் மனநலக் கிளினிக்கில் தாதியாக இருக்கிறேன். எங்களுக்கு அடுத்த அறை பல் வைத்தியருடையது. அதனால் எங்களிடம் வருகிற முக்கால்வாசிப் பேருக்கும் ஊரில் பல்வருத்தம் என்றுதான் பேர். வாசலில் தெரிந்த ஆள் யாரையும் கண்டால் கன்னத்தைப் பொத்திக்கொண்டு நிற்பார்கள். பார்க்கச் சிரிப்பாகத்தான் இருக்கும். ஆனால் 'விசருக்கு மருந்து எடுக்கிறாள்' என்று ஒரு கதை கிளம்பினால் அந்த வீட்டில் தங்கைக்கும் கலியாணம் சரிவராது என்பது எங்களுக்குத் தெரியும். ஆகவே வேலைக்குச் சேர்ந்தபோதே எங்களுக்குச் சொல்லித் தந்த பாடம், வெளியில் கண்டால் நாங்களாக முந்திச் சிரிக்கக் கூடாது என்பது. நான் அதற்கும் ஒரு படி மேலே போனவள். சந்தையில், கோயிலில், பஸ்ஸில் யாரைக் கண்டாலும் மரம் மாதிரி நிற்பேன். அதில் எனக்குப் பெருமை வேறு.

பண்டத்தரிப்புப் பக்கத்திலிருந்து ஒரு பெண் சில வருடங்களாக எங்களிடம் வந்துகொண்டிருந்தாள். முன்பள்ளி ஆசிரியை. யாரும் பேசாத பேச்சுக் காதில் கேட்கிற வருத்தம் வந்து வேலையை விட்டவள். மருந்தை ஒழுங்காக எடுத்து நன்றாகத் தேறிவிட்டாள். "உண்மையோ, மனம் சொல்லுறதோ எண்டு சந்தேகம் வந்தால் நம்பிக்கையான ஆளிட்டைக் கேளும்" என்று அவளைப் பழக்கியது நான்தான். பெரும்பாலும் என்னைத்தான் கேட்பாள்.

கலியாணத்துக்கு முந்திய கிளினிக்குக்கு ஒரே சந்தோஷமாக வந்தாள். பழைய முன்பள்ளியே அவளைத் திரும்பக் கூப்பிட்டிருந்தது. தகப்பன் இல்லாத வீட்டில், லண்டனில் இருக்கிற தமையன் சொல்வதுதான் முடிவு. லீவில் வந்து நின்ற அவரோ, சின்னப் பிள்ளைகளோடு இவளை விடமுடியாது என்று ஒற்றைக்காலில் நின்றாராம்.

"மிஸ், நீங்கள் ஒருக்கால் சொன்னால் அண்ணை கேப்பார்."

"கூட்டிக்கொண்டு வாரும். நான் கதைக்கிறன்" என்றேன்.

அவள் மாப்பிள்ளை பகுதிக்குச் சொந்தம் என்று எனக்கு எங்கே தெரியும்? மண்டபத்தில் என்னைக் கண்டுவிட்டாள். மாம்பழ நிறச் சேலை, தலை நிறையப் பூ. ஒருவரைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு, முகமெல்லாம் சிரிப்பாக நேரே என்னிடம் வந்தாள்.

"அண்ணை, நான் சொன்ன மிஸ் இவாதான். மிஸ், அண்ணைக்கு ஒருக்கால் சொல்லுங்கோவன்."

எனக்கு இரண்டு பக்கமும் என் மாமியாரின் சகோதரிகள். நான் எங்கே வேலை செய்கிறேன் என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும். ஒருவர் அதற்குள்ளேயே "ஆர் பிள்ளை உவா?" என்று கழுத்தை நீட்டிவிட்டார். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? நான் ஓம் என்றால் பின்னேரத்துக்குள் கதை பண்டத்தரிப்புக்குப் போய்விடும். இந்தப் பிள்ளைக்கு விபரம் தெரியவில்லை, நான்தான் காப்பாற்ற வேண்டும் என்று நினைத்தேன். அவளுக்குக் கொடுத்த வாக்கு அந்த நேரத்தில் என் நினைவிலேயே இல்லை.

"மன்னிக்கோணும், ஆளை மாறி நினைக்கிறியள். எனக்கு உங்களைத் தெரியாது."

அவள் கோபப்படவில்லை. என் கண்ணை, மூக்கை, நெற்றிப் பொட்டை என்று ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு தமையனைப் பார்த்தாள். அவருடைய முகம் இறங்கிவிட்டது. "வா பிள்ளை, போவம்" என்று தோளில் கைவைத்து, நடக்கத் தெரியாத குழந்தையைக் கூட்டிப்போவதுபோல அவளைக் கூட்டிப் போனார்.

நான் வயிறாரச் சாப்பிட்டேன். பாயாசம் இரண்டாம் தரமும் வாங்கினேன். 'இண்டைக்கு ஒரு பிள்ளையின்ரை மானத்தைக் காப்பாத்தினன்' என்று, பேர் ஊர் சொல்லாமல், வீட்டுக்குப் போகிற வழியில் கணவரிடம் பெருமையும் அடித்தேன்.

அடுத்த கிளினிக்குக்கு அவள் வரவில்லை. அதற்கடுத்ததற்கும் வரவில்லை. பிறகு தாய் மட்டும் தனியாக வந்தார்.

"கலியாண வீட்டிலை ஆரோ ஒரு மனிசியைப் பிடிச்சு, அது நீங்கள் எண்டு சொல்லியிருக்கிறாள் மிஸ். பழையபடி தொடங்கீட்டுது எண்டு மகன் வேலைக்கு விடமாட்டன் எண்டு சொல்லிப்போட்டு லண்டனுக்குப் போட்டான். இவளும் இப்ப ஒண்டையும் நம்புறாளில்லை. மருந்துக் குளிசையைக் குடுத்தால், இது மெய்யான குளிசையோ எண்டு கேட்டுப்போட்டு அப்பிடியே வைச்சிடுறாள்."

"அந்த மனிசி நான்தான் அம்மா" என்றேன்.

அவர் என்னை வெறித்துப் பார்த்தார். "ஏன் மிஸ்?" என்று மட்டும் கேட்டார். காரணம் என்னிடம் இருந்தது. அந்தத் தாய்க்கு முன்னால் அது ஒரு காரணமாகவே தெரியவில்லை.

டொக்டரிடம் சொல்லிவிட்டு அன்றே அவரோடு வீட்டுக்குப் போனேன். அவள் தலை வாராமல் கட்டிலில் இருந்தாள். "அண்டைக்கு உம்மை எனக்கு நல்லாத் தெரியும் பிள்ளை. நான்தான் பொய் சொன்னனான். உம்மிலை ஒரு பிழையும் இல்லை" என்று சொன்னேன்.

"அண்டைக்குச் சொன்னது பொய்யோ, இப்ப சொல்லுறது பொய்யோ மிஸ்?"

குத்திக்காட்ட அவள் அப்படிக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்டாள். அந்த இடத்திலேயே அழுதுவிட்டேன்.

லண்டனுக்குப் போன் எடுத்துத் தமையனோடும் கதைத்தேன். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். "நீங்கள் அவள்மேலை இரக்கப்பட்டுச் சொல்லுறியள், விளங்குது மிஸ்" என்று மரியாதையாகப் போனை வைத்துவிட்டார். முன்பள்ளிக்கு வேறொரு பிள்ளையை எடுத்துவிட்டார்கள்.

மெல்ல மெல்ல அவள் திரும்ப மருந்து எடுக்கத் தொடங்கினாள். இப்போது கிளினிக்குக்கும் வருகிறாள். வேலையைப் பற்றி மட்டும் வாயே திறப்பதில்லை. நானும் இப்போது, வருகிற ஒவ்வொருவரிடமும், வெளியில் கண்டால் கதைக்கலாமா வேண்டாமா என்று கேட்டுவிடுகிறேன். கேட்கப் பெரிய படிப்பு ஒன்றும் தேவையில்லை, அவளிடம்தான் ஒருநாளும் கேட்காமல் விட்டேன். ஊருக்குப் பயப்படாமல் அத்தனை பேருக்கு முன்னால் என்னைத் தெரியும் என்று சொல்லிக்கொண்டு வந்தவள் அவள், அவளைத் தெரியும் என்று சொல்ல எனக்குத்தான் துணிவு வரவில்லை என்பதை நினைக்கும்போது இன்றைக்கும் நெஞ்சு சுடுகிறது.