நான் பாடம் கேட்ட கடிதம்

பாடம் கேட்கும் உத்தியோகம் எனக்குப் பத்து வயதில் கிடைத்தது. சம்பளம் இல்லை, ஆனால் அதிகாரம் உண்டு. புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு நான் கதிரையில் இருப்பேன். அண்ணை எனக்கு முன்னால் நின்று பாடமாக்கியதை ஒப்புவிப்பார். ஒரு சொல் தவறினால் அடிமட்டத்தால் உள்ளங்கையில் ஒன்று விழும். என்னைவிடப் பதினொரு வயது மூத்த ஆளை அடிக்கலாம் என்றால் எந்தப் பிள்ளைதான் விடும்? விளையாடப் போகாமல் காத்துக்கொண்டிருப்பேன்.

அண்ணை படித்தது எல்லாம் அப்படித்தான். பண்டத்தரிப்பில் எங்கள் ஒழுங்கையில் முதன்முதலில் கம்பஸுக்கு, அதுதான் பல்கலைக்கழகத்துக்கு, எடுபட்டவர் அவர். ரியூசனில் கொடுத்த நோட்ஸை ஒரு புள்ளி பிசகாமல் பாடமாக்கி அப்படியே எழுதி ஏ.எல். சோதனையில் மூன்று பாடத்திலும் ஏ எடுத்தார். அவருடைய விடைத்தாளைப் போல எழுத வேண்டும் என்று ரியூசன் வாத்தியார் மற்றப் பிள்ளைகளுக்குச் சொன்னாராம். அப்பா வெங்காயத்தைச் சுன்னாகம் சந்தைக்குக் கொண்டுபோன போதெல்லாம் அந்த மூன்று ஏயையும் சேர்த்துக் கொண்டுபோனார்.

தெற்கே தூரத்தில் ஒரு கம்பஸில் முகாமைத்துவம் என்கிற நிர்வாகப் படிப்புக் கிடைத்தது. அங்கே எல்லாம் ஆங்கிலம். பதின்மூன்று வருஷம் தமிழில் படித்த ஆளை ஒரு திங்கட்கிழமையிலிருந்து ஆங்கிலத்தில் யோசி என்றால் அவர் எங்கே போவார்? விடுதி அறையில் கூட இருந்தவன் சிங்களப் பெடியன், நல்லவன். அவனுக்குத் தமிழ் தெரியாது, அண்ணைக்குச் சிங்களம் தெரியாது. இரண்டு பேருக்கும் தெரிந்த அரைகுறை ஆங்கிலத்தில்தான் சோறு முதல் சோதனை வரைக்கும் கதைத்தார்கள். அதை வைத்துப் பகிடி விடலாம், பக்கம் பக்கமாகச் சோதனை எழுத முடியாது. அதனால் அண்ணை தனக்குத் தெரிந்த வழிக்கே திரும்பினார். சோதனைக்கு முந்திய லீவில் வீட்டுக்கு வந்து, பொருளியல் புத்தகத்தில் பதினெட்டுப் பக்கத்தைப் பாடமாக்கினார். நான் பாடம் கேட்டேன். ஒரு சொல்லுக்கும் எனக்கு அர்த்தம் தெரியாது. ஆனால் எழுத்துக் கூட்டி வாசிப்பேன், ஒரு எழுத்தைக்கூடத் தப்பவிடமாட்டேன். அவ்வளவு பொல்லாத பிள்ளை நான்.

சோதனை முடிந்து ஒரு மாதத்தில் தபாலில் கடிதம் வந்தது. அண்ணை எழுதிய விடை புத்தகத்தில் இருப்பது போலவே கமா, புள்ளியோடு இருக்கிறதாம். வகுப்பில் இரண்டு வசனம் சேர்த்துக் கதைக்காத மாணவன் இப்படி எழுதியிருக்க முடியாதாம். களவாகக் கடதாசி கொண்டுபோய்ப் பார்த்து எழுதியதாகச் சந்தேகமாம். விசாரணைக்கு வரவேண்டும்.

அப்பா தோட்டத்திலிருந்து வந்து, காலைக்கூடக் கழுவாமல் கேட்டார்.

"நீ பாத்து எழுதினனியோ?"

"இல்லையப்பா. பாடமாக்கித்தான் எழுதினனான். தங்கச்சியைக் கேளுங்கோ."

அப்பா என்னைப் பார்த்தார். நான் பெரிய மனிசி மாதிரித் தலையை ஆட்டினேன். அது அப்பாவுக்குப் போதும். சாப்பிடப் போய்விட்டார்.

அன்றைக்கே அண்ணை இருந்து நாலு பக்கத்தில் ஒரு விளக்கம் எழுதினார், தமிழில். நல்ல தமிழ். எந்தெந்த நாளில் எந்தப் பக்கத்தைப் பாடமாக்கினார், எந்த இடத்தில் எத்தனை அடி வாங்கினார் என்பதுவரை அதில் இருந்தது. கடைசியில் இதற்குத் தன் தங்கச்சி சாட்சி என்று என் முழுப் பெயரையும் எழுதியிருந்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. சாட்சி சொல்லத் தெற்குக்குப் போகப்போகிறேன் என்று பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் சொல்லிவிட்டேன். எந்தச் சட்டை போடுவது என்று அம்மாவோடு சண்டையும் பிடித்தேன்.

இரண்டு நாள் கழித்து அந்தச் சிங்களப் பெடியன் போன் எடுத்தான். விசாரணைக் குழுவில் மூன்று பேர், அவர்களில் தமிழ் வாசிக்கிறவர் ஒருவரும் இல்லை. தமிழில் கொடுத்தால் மொழிபெயர்த்து வரும்வரைக்கும் விசாரணையும் தள்ளிப்போகும், அடுத்த சோதனையும் எழுத விடமாட்டார்கள். போன வருஷம் ஒரு பெடியன் தான் செய்யவில்லை என்று கடைசிவரை நின்றவனாம், கம்பஸை விட்டே அனுப்பிவிட்டார்களாம். இன்னொருவன் மன்னிப்புக் கேட்டு ஆங்கிலத்தில் கடிதம் கொடுத்தானாம், அந்த ஒரு பாடத்தை மட்டும் வெட்டிவிட்டார்களாம். அந்தக் கடிதத்தை அவன் தேடிப்பிடித்துப் படமெடுத்துப் போனுக்கு அனுப்பியிருந்தான். பாவம், அண்ணைக்காக யார் யாரிடமோ அலைந்திருக்கிறான். பார்த்து எழுதினாய் என்ற குற்றத்துக்கு, வேறொருவன் எழுதிய கடிதத்தைப் பார்த்து எழுதுவதே வழி என்று ஆனது.

மன்னிப்பு என்ற சொல் மட்டுந்தான் எங்கள் வீட்டுக்கு விளங்கியது. "மன்னிப்புக் கேக்கிறதாலை என்ன குறைஞ்சு போகப்போறாய்?" என்றார் அம்மா. அண்ணை தமிழில் எழுதிய நாலு பக்கத்தையும் மடித்துப் புத்தகப் பெட்டிக்குள் வைத்தார். என் பயணம் அதோடு போச்சு. எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது.

கடிதத்தைக் கொடுத்தால் மட்டும் போதாது, குழுவுக்கு முன்னால் வாயாலும் சொல்லவேண்டும், கடதாசியைப் பார்த்து வாசித்தால் இன்னும் சந்தேகப்படுவார்கள் என்று அந்தப் பெடியன் சொல்லியிருந்தான். ஆகவே அண்ணை அதையும் பாடமாக்கினார். நான் கதிரையில் ஏறி இருந்தேன். எல்லாம் பதினாலு வரி. பதினெட்டுப் பக்கத்தை விழுங்கிய ஆள் பதினாலு வரிக்குத் திணறினார். எட்டாவது வரி வந்ததும் நின்றுவிடுவார். நான் அடித்தேன். திரும்ப முதலிலிருந்து தொடங்கி அதே இடத்தில் நின்றார். சாட்சிப் பயணம் தவறிப்போன ஆத்திரமும் சேர, பலமாகவே அடித்தேன்.

"அதிலைதான் நிக்கிறியள். திருப்பிச் சொல்லுங்கோ."

"ஓம் ஓம், சொல்லுறன்."

பொழுதுபடும் நேரம் எட்டாவது வரியையும் தாண்டிச் சொல்லி முடித்தார். அவருடைய உள்ளங்கை சிவந்திருந்தது.

விசாரணை அரை மணித்தியாலத்தில் முடிந்ததாம். பாடத்தை வெட்டியதோடு அவர்கள் நிற்கவில்லை. இரண்டு வருஷம் கம்பஸ் பக்கமே வரக்கூடாது என்று தீர்ப்பு வந்தது. அப்பா ஆங்கிலத்தில் வந்த அந்தத் தீர்ப்புக் கடிதத்தைத் தூக்கிக்கொண்டு பக்கத்து ஒழுங்கையில் இருந்த ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியரிடம் போனார். நானும் கூடப் போனேன். அவர் இரண்டு தரம் வாசித்துவிட்டு, "தம்பி தானே ஒத்துக்கொண்டிருக்கிறார்" என்றார். அப்பா அண்ணையோடு அதற்குப் பிறகு ஒருநாளும் கதைக்கவில்லை. அண்ணை வேலை தேடிக் கட்டாருக்குப் போகும்போதும் தோட்டத்தில்தான் நின்றார்.

நானும் நம்பிவிட்டேன், அதுதான் வெட்கம். கம்பஸிலிருந்து ஆங்கிலத்தில், முத்திரை குத்தி வந்த எழுத்து. அதைவிட என் காது பெரிதா? என்னிடம் பாடம் சொன்னதெல்லாம் நடிப்பு, அண்ணை என்னையும் பேய்க்காட்டிவிட்டார் என்று நினைத்து அவர் போனில் கூப்பிட்டாலும் போகாமல் இருந்தேன்.

ஓ.எல். சோதனைக்குப் படிக்கும்போது எனக்கு ஆங்கிலம் ஓரளவு பிடிபட்டது. ஒரு நாள் சைக்கிளில் வரும்போது, அடித்து அடித்து எனக்கே பாடமாகிப்போன அந்த எட்டாவது வரி சும்மா வாயில் வந்தது. நான் முதன்முதலாக அதற்கு அர்த்தம் பார்த்தேன். 'விடைகளை எழுதிய கடதாசியை மடித்து என் முழுக்கைச் சேட்டுக்குள் மறைத்துக்கொண்டு மண்டபத்துக்குள் போனேன்.' அந்த மன்னிப்புக் கடிதத்தை முதலில் எழுதிய பெடியன் செய்தது அது. அண்ணையிடம் முழுக்கைச் சேட்டே இருக்கவில்லை. நான் சைக்கிளை மதிலோடு சாத்திவிட்டு அழுதேன். அப்பாவிடம் ஓடிப்போய்ச் சொல்ல, அப்பா அதற்கு முந்திய வருஷமே செத்துப்போயிருந்தார்.

அந்த வரியில் ஞாபகம் வராமல் நிற்கிறார் என்றுதான் நினைத்தேன். பொய் வாயில் வராமல் நின்றார் என்பதும், அதை நான்தான் அடித்து அடித்து வரப்பண்ணினேன் என்பதும் பத்து வயதில் எனக்குத் தெரியவில்லை.