இடது மட்கார்டு

1989 மே மாதம் 14, ஞாயிற்றுக்கிழமை. அம்பத்தூரில் எங்கள் வீட்டு ஞாயிறுகளுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. ஆறு மணிக்கு அம்மா தெருக்குழாயில் தண்ணீர் பிடிப்பாள். ஏழு மணிக்கு அப்பா ரேடியோவைத் திருகிவிட்டு முகம் மழித்துக்கொள்வார். எட்டு மணிக்குச் சித்தப்பா மொட்டை மாடியில் இருந்த தகர ஷெட்டின் பூட்டைத் திறப்பார். அன்று என் தங்கைக்குக் காதுகுத்து என்பதால் மூன்றும் ஒரு மணி நேரம் முன்னதாக நடந்தன. மற்றபடி மாற்றம் இல்லை.

சித்தப்பா அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு தொழிற்சாலையின் டூல்ரூமில் வேலை பார்த்தார். ஆறு நாள் இரும்பை இழைத்த கைக்கு ஏழாவது நாளும் ஓய்வு கொடுக்காமல் சின்னச் சின்னக் கார்கள் செய்வார். அவற்றைப் பொம்மை என்று சொன்னால் கோபம் வரும். மாடல் என்று சொல்ல வேண்டும். தெருப் பிள்ளைகள் சக்கரம் கழன்ற கார்களைக் கொண்டுவந்தால் பெயின்டை உரித்து, அச்சு மாற்றி, புதிதாக்கித் தருவார். அந்த வருடம் மட்டும் யாருடையதையும் வாங்கவில்லை. அப்பா முன்பு வைத்திருந்து விற்றுவிட்ட அம்பாசிடரைப் பித்தளைத் தகட்டில் இருபத்துநாலில் ஒரு பங்காகச் செய்துகொண்டிருந்தார். ஏழு மாத வேலை. நீளம் பதினெட்டு சென்டிமீட்டர். நான்கு கதவுகளும் திறக்கும். அன்று மாலை நாலு மணிக்கு, ராகு காலம் பிறப்பதற்குள், சொந்தக்காரர்கள் முன்னால் அதை அப்பாவிடம் கொடுப்பதாக ஏற்பாடு.

காதுகுத்துக்குத் தாய்மாமன் மடி வேண்டும். அதனால்தான் மாமா வந்திருந்தார். அவரும் அப்பாவும் பேசி நான்கு வருடமாகியிருந்தது. மாமா எப்போதோ அப்பாவின் வண்டியை எங்கேயோ இடித்துவிட்டார் என்பதற்கு மேல் எனக்குத் தெரியாது. திருவேற்காட்டுக் கோயிலில் தங்கை மாமா மடியில் உட்கார்ந்து வீறிட்டுக்கொண்டிருந்தாள். ஓர் அடி தள்ளி நின்ற அப்பா, அம்மாவைப் பார்த்து, "குழந்தை தலைய நேரா புடிக்கச் சொல்லு" என்றார்.

மாமாவும் அம்மாவைப் பார்த்தே பதில் சொன்னார். "புடிச்சிகினுதான் கீறேன்னு சொல்லுக்கா."

வீட்டுக்குத் திரும்பிச் சாப்பாடு முடிந்தபோது ஒன்றரை. மாமா அப்போதே கிளம்பப் பார்த்தார். "காபி குடிச்சிட்டுப் போடா" என்று அம்மா அவர் பையைப் பிடுங்கி உள்ளே வைத்துவிட்டாள். ஒன்றே முக்காலுக்குச் சித்தப்பா வாடகைப் பாத்திரங்களை டிரைசைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனார். பெரியவர்கள் கூடத்தில் படுத்துவிட்டார்கள். எனக்கு வயது பதினொன்று. ஷெட் சாவி எந்த ஆணியில் தொங்கும் என்று எனக்குத் தெரியும்.

நாலு மணி வரை யாரும் பார்க்கக் கூடாது என்பது சித்தப்பாவின் உத்தரவு. ஸ்டியரிங் திரும்புகிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு வைத்துவிடலாம் என்று நினைத்தேன். துணியை விலக்கி, வண்டியைக் கையில் எடுத்தேன். ஸ்டியரிங் திரும்பியது. முன்சக்கரங்களும் கூடவே திரும்பின. அந்த மகிழ்ச்சியில் பிடி நழுவிவிட்டது. கீழே கிடந்த பழைய பஞ்சு மூட்டையின்மேல் விழுந்து, உருண்டு, குப்புறக் கிடந்தது. எடுத்துப் பார்த்தேன். கதவுகள் சரியாக இருந்தன. விளக்குகள் உடையவில்லை. ஆனால் இடது முன் மட்கார்டில், விளக்குக்குச் சற்று மேலே, சுண்டுவிரல் நுனி அளவுக்கு ஒரு பள்ளம்.

பஞ்சின்மேல் விழுந்தால் பித்தளை எப்படி நசுங்கும், நசுங்கினால் மேலே இருக்கும் பெயின்ட் ஏன் விரிசல் விடவில்லை என்றெல்லாம் இப்போது கேட்பேன். அன்றைக்குத் தோன்றியது ஒன்றுதான். ஏழு மாத வேலை.

அழவில்லை, அதற்கு நேரமில்லை. சித்தப்பா செய்வதை நூறு தடவை பார்த்திருக்கிறேன். புட்டி டப்பாவைத் திறந்து, பழைய பிளேடால் பள்ளத்தில் அப்பி இழுத்தேன். மே மாதத் தகரக் கூரையின் கீழ் அரை மணியில் காய்ந்துவிட்டது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். பிலிம் டப்பாவில் மிச்சமிருந்த தந்த நிறப் பெயின்டில் தின்னர் கலந்து, மெல்லிய பிரஷ்ஷால் இரண்டு பூச்சு பூசினேன். காய்ந்ததும் பாலிஷ். மூன்று இருபதுக்கு எல்லாம் முடிந்து, துணியைப் பழையபடி மூடிவிட்டு இறங்கினேன்.

அந்தப் பள்ளம் நான் போட்டதல்ல. இதை நான் தெரிந்துகொண்டது போன வருடம்தான். நானும் இப்போது பழைய மாடல்களைத் திருத்துவதைப் பொழுதுபோக்காக வைத்திருக்கிறேன். பெயின்ட் பொரிந்துபோன அந்த வண்டி என் மேசைக்கு வந்தது. உரிக்கும்போது என் புட்டி ஒரே வில்லையாகக் கழன்று விழுந்தது. அடியில் இருந்த பள்ளத்தில் சின்னச் சின்னதாக, ஒரே சீரான சுத்தியல் தடங்கள். விழுந்து பட்ட அடி அப்படி இருக்காது. அம்மாவிடம் கேட்டேன். அவள் சிரித்துவிட்டாள்.

மாமா அப்பாவின் அம்பாசிடரை இரவல் வாங்கிப் போய் குமணன்சாவடியில் ஒரு லாரியின் பின்புறத்தில் இடித்திருக்கிறார். இடது மட்கார்டு நசுங்கியது. அப்பா அதை டிங்கரிங் செய்யவே இல்லையாம். வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் காபிக்கு முன் அந்தப் பள்ளத்தைக் காட்டி, யார் செய்தது என்றும் சொல்வாராம். மாமா வருவதை நிறுத்திவிட்டார். சித்தப்பாவோ போட்டோக்களைப் பார்த்து அளவெடுத்தவர். போட்டோவில் இருந்ததை விடுவாரா?

காதுகுத்துக்கு முதல் நாள் அம்மா அவரிடம் கெஞ்சியிருக்கிறாள். "அந்தப் பள்ளத்த மட்டும் எடுத்துடு தம்பி. அவன் நாலு வருசம் கழிச்சு வரான்."

"அத எடுத்துட்டா அது அண்ணன் வண்டி இல்ல அண்ணி. எவன் வண்டியோ."

"பாயசத்துல சக்கர போட்டேனா இல்லையான்னுகூட அன்னிக்கு எனக்குத் தெரியாது" என்றாள் அம்மா.

நாலு மணிக்குச் சித்தப்பா துணி மூடிய தட்டோடு இறங்கி வந்தார். அம்மா காபித் தட்டோடு சமையலறை வாசலிலேயே நின்றுவிட்டாள். மாமா வாசலில் ஒரு காலைச் செருப்பில் நுழைத்திருந்தார். துணி விலகியதும் கூடத்தில் "அடேயப்பா" என்று ஒரு முணுமுணுப்பு. அப்பா வண்டியை இரண்டு கையாலும் எடுத்தார். முன்பக்கத்தைப் பார்க்கவில்லை, கதவைத் திறக்கவில்லை. நேராக இடது பக்கத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினார். கட்டைவிரலால் மட்கார்டைத் தடவினார். மறுபடியும் தடவினார்.

அப்போதுதான் சித்தப்பாவும் பார்த்தார். வண்டியருகே குனிந்தார். அம்மாவைப் பார்த்தார். தனக்காக அவரே பள்ளத்தை எடுத்துவிட்டார் என்று நினைத்த அம்மா, கண்கலங்க, நன்றியோடு மெல்லத் தலையாட்டினாள். அவர் ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே வந்து, கடைசியில் என் பாவாடையைப் பார்த்தார். அதில் சாம்பல் நிறத்தில் புட்டி ஒட்டியிருந்தது.

"எங்கடா பள்ளம்?" என்றார் அப்பா.

சித்தப்பா என் பாவாடையிலிருந்து கண்ணை எடுக்காமல், "எந்தப் பள்ளம்ணா?" என்றார்.

அப்பா அவர் முகத்தையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு வாசல் பக்கம் திரும்பினார். "மச்சான், இங்க வா. உன் கை படறதுக்கு முன்னாடி வண்டி எப்படி இருந்துச்சுன்னு பாரு."

யாரோ சிரித்தார்கள். மாமா செருப்பிலிருந்து காலை உருவிக்கொண்டு உள்ளே வந்தார். "தொட்டுப் பாக்கலாமா மாமா?"

"பாரு. ரோட்டுக்கு மட்டும் எடுத்துனு போவாத."

இப்போது எல்லோரும் சிரித்தார்கள். மாமாதான் அதிகம் சிரித்தார். அம்மா காபித் தட்டைக் கீழே வைத்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். ராகு காலம் வந்து போனதை யாரும் கவனிக்கவில்லை. மாமா ராத்திரிச் சாப்பாட்டையும் முடித்துக்கொண்டுதான் போனார். அன்றைய நாட்குறிப்பில் நான் எழுதியிருப்பது இவ்வளவே: காதுகுத்து. பாயசம். சித்தப்பா யாரிடமும் சொல்லவில்லை.

மே 15, திங்கட்கிழமை. எழுந்ததும் பல் தேய்க்காமல் மாடிக்குப் போனேன். ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டுவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். சித்தப்பா எனக்கு முன்பே ஷெட்டில் இருந்தார். வண்டி அவர் முன்னால் இருந்தது.

"எத்தனாம் நம்பர் பேப்பர் போட்ட?" என்றார், திரும்பாமலே.

"நானூறு."

"ஆயிரம் போட்டிருக்கணும் கண்ணு. கோடு தெரியுது."

ஆயிரம் நம்பர் தாளைத் தண்ணீரில் நனைத்து, என் புட்டியின் விளிம்பை மெதுவாகத் தேய்க்கத் தொடங்கினார். போட்டோவில் இருந்த ஒரு திருகாணியைக்கூட விடாதவர், தான் தட்டி வைத்த பள்ளத்தைத் தன் கையாலேயே மூடிக்கொண்டிருந்தார். எனக்கு அது தெரியாது. என் தப்பை மறைக்கிறார் என்றுதான் நினைத்தேன். அடி இல்லை என்று உறுதியானதும் பல் தேய்க்கக் கீழே இறங்கினேன்.